களைத்துப் போகாத பிரேக்

ஓட்டுவதற்காகக் கார் வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிறுத்துவதற்காகவே கார் வைத்திருந்தவர் என் வாழ்நாளில் அவர் ஒருவர்தான். செங்கல்பட்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர். தெருவுக்கே அவர் ‘பிரேக் அண்ணாத்த’. நான் தென்காசிப் பக்கத்துக்காரி, ஐடி கம்பெனி வேலைக்காக வந்தவள். பெரியவர் ஒருவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ‘அண்ணே’ என்றேன். அவர் என்னை ‘யம்மா’ என்றார். அறிமுகமான முதல் நாளே கேட்டார்.

“யம்மா, நீ ஸ்கூட்டி ஓட்றியே, அதோட பிரேக்க என்னிக்காவது கழட்டிப் பாத்துகிறியா?”

“இல்லையேண்ணே. பிடிச்சா நிக்குது.”

“இன்னிக்கு நிக்குது. நாளைக்கு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று ஆபீஸ் போகிற வழியெல்லாம் நான் இரண்டு கைப்பிரேக்கையும் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். பாவி மனிதர், காப்பி குடிக்கிற நேரத்தில் ஒருத்தி நிம்மதியைக் கெடுத்துவிட்டார்.

அவருக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. பிரேக் செய்கிற இடம் என்று நினைத்தால் ஏமாந்தோம். அங்கே கைப்பிடி செய்வார்கள். காருக்குள் ஜன்னலுக்கு மேலே தொங்குமே, டிரைவர் வேகமாக வளைத்தால் பக்கத்தில் இருக்கிறவர் பயந்துபோய்ப் பிடித்துக்கொள்வாரே, அந்தக் கைப்பிடி. அதற்கு சூப்பர்வைசர். பிரேக்கைப் பற்றி அவர் கற்றதெல்லாம் போனில் வீடியோ பார்த்துத்தான். ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரன் ஒருவன் மலையில் கார் இறக்குவதை வாயைப் பிளந்து பார்ப்பார். மாமிகள் டிவி சீரியல் பார்க்கிற மாதிரி ‘அய்யய்யோ, அமுக்காதடா, கியர மாத்துடா’ என்று போனோடு பேசுவார்.

திருக்கழுக்குன்றத்தில் தேர்த்திருவிழாவுக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து போனோம். தேர் அசைந்து வருகிறது, கூட்டம் முழுக்க அண்ணாந்து சாமியைப் பார்த்துக் கும்பிடுகிறது. இவர் மட்டும் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். தேர்ச்சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டு நிறுத்துவார்களே, அந்த முட்டுக்கட்டை போடுகிற ஆட்களைப் பார்த்து!

“சாமியப் பாத்தீங்களாண்ணே?”

“சாமி எங்கம்மா போவப்போது? அந்தக் கட்டையப் பாத்தியா! எத்தினி வருஷமா நிறுத்தினு கீது, ஒரு நாளு களைச்சுப்போச்சா?” என்றார். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது.

களைப்பு என்பது அவர் சொந்தமாக வைத்துக்கொண்ட வார்த்தை. மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை விடாமல் அமுக்கிக்கொண்டே வந்தால் சக்கரத்துக்குள் இருக்கிற தகடும் அதைக் கவ்விப் பிடிக்கிற கட்டையும் பழுக்கச் சூடாகும். பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெயே கொதித்து அதற்குள் குமிழி வந்துவிடும். அப்புறம் காலை எவ்வளவு அழுத்தினாலும் பெடல் பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கும், வண்டி அது பாட்டுக்குப் போகும். இதைத்தான் அவர் ‘பிரேக்கு களைச்சுப்போச்சு’ என்பார். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர் வீட்டுக்கு எதிரே குடியிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இந்தக் கிறுக்கு அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. ஒரே மகள். ஏற்காட்டில் சம்பந்தம் பேசினார்கள். நிச்சயம் முடிந்த கையோடு, சேலம் வரை வழிகாட்டுகிறேன் என்று சம்பந்தி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். நம்மவர் சமவெளி ஆள். நான்காம் கியரைப் போட்டுக்கொண்டு, பிரேக்கில் ஏறி நின்றபடியே இறக்கியிருக்கிறார். பாதி மலையில் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. எப்படியோ வளைத்து ஒடித்து ஓரத்தில் இருந்த பஜ்ஜிக்கடைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் முட்டி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் எகிறிக் குதித்துத் தப்பிவிட்டார். கடலை மாவு மட்டும் கண்ணாடி முழுக்க வழிந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி வந்து சம்பந்தியின் பட்டு வேட்டி மடியில் இறங்கியது. சூடாக.

கல்யாணம் என்னவோ நடந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் இவருக்குப் ‘பஜ்ஜி சம்பந்தி’ என்று பெயர். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று போன் வந்த அன்று இவர் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது முகம் மட்டும் செத்துப்போயிருந்தது.

“இன்னாண்ணே, தாத்தாவாகப் போறீங்க, முகம் ஏன் இப்படி?” அதற்குள் எனக்கும் அந்த ஊர்ப் பேச்சு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சு நாமதான நம்ம வூட்டுக்கு இட்டுகினு வரணும்? சம்பந்தி சொல்ட்டாரும்மா. ‘பொண்ண அனுப்பறேன், ஆனா உங்க கார்ல அனுப்ப மாட்டேன்’னு. ‘நான் வாடகைக் கார் புடிச்சு அனுப்பறேன், நீங்க பின்னாடியே பஸ்ஸுல வாங்க’ன்றாரு.” “பெத்தவன் நான். தலப் பிரசவத்துக்கு என் பொண்ண எவனோ இட்டாறதா?”

அன்றைக்கு ஆரம்பித்தது. பழைய தகட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய தகடு போட்டார். சூடு வெளியேற அதில் கோடு கோடாக வெட்டு இருக்கும். அது உள்ளே அடங்கவில்லை என்று நான்கு சக்கரத்தையும் பெரிதாக்கினார். ரப்பர் குழாயை எடுத்துவிட்டு எஃகு பின்னிய குழாய். எளிதில் கொதிக்காத எண்ணெய். கடைசியாக பிரேக் கட்டை. அதாவது பேட். பந்தயக் காருக்குப் போடுகிறதுதான் வேண்டும் என்று எங்கிருந்தோ வரவழைத்தார். இவ்வளவும் செய்தவர் காற்றோட்டத்துக்கு மட்டும் ஹார்டுவேர் கடையில் பிவிசி பைப் வாங்கி, முன் பம்பருக்குக் கீழே சக்கரம் வரைக்கும் வளைத்துக் கட்டினார். பார்ப்பதற்கு கார், சமையலறைத் தொட்டியின் அடிப்பக்கம் மாதிரி ஆகிவிட்டது. மழை வந்ததும் அந்தப் பைப்பில் ஒரு தவளை குடியேறியது. காரை எடுத்தால் வாயை மூடும், நிறுத்தினால் கத்தும். வண்டி நின்றுவிட்டது என்பதை அது உறுதி செய்கிறது என்று அதையும் விட்டுவைத்தார்.

கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டுவார்களே, காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி, அது எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். எங்கே காரை நிறுத்தினாலும் இறங்கி ஒவ்வொரு சக்கரமாக நீட்டிப் பார்ப்பார். ஜுரம் பார்க்கிற கருவிக்குப் பிரேக் சூடு என்ன தெரியும்? ‘ஹை’ என்று மட்டும் காட்டிவிட்டுக் கத்தும். “ஹைன்னுது பாரும்மா” என்று அதைக் கேட்டே பூரித்துப்போவார். கையோடு எனக்கும் ஒரு தடவை நீட்டுவார். எனக்கு ஒருநாளும் ஹை வந்ததில்லை.

எல்லாம் சரி, களைப்பைச் சோதிக்க மலை வேண்டுமே? எங்கள் பக்கம் குன்றுகளுக்குக் குறைச்சலில்லை. மேலே வளைந்து வளைந்து கார் ஏறி இறங்குகிற ரோடுதான் இல்லை. படாளம் பக்கத்து மேம்பாலத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பார்த்தார். காலையிலிருந்து ஒரே கார் எதற்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்று போலீஸ்காரர் ஒருவர் நிறுத்திக் கேட்டிருக்கிறார். இவர் பிரேக்கைப் பற்றி விளக்க ஆரம்பித்ததும் அவரே சல்யூட் அடித்து அனுப்பிவிட்டாராம்.

பேட் புதிதாகப் போட்ட வாரம் என் கெட்ட நேரம், மாமல்லபுரத்தில் ஒரு தோழி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. “அந்தப் பக்கமாதான் போறேன், குந்தும்மா” என்றார். நம்பி உட்கார்ந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்ததும் வேகம் எடுத்தார், ஓங்கி அமுக்கினார், நிற்பதற்குள் மறுபடி வேகம் எடுத்தார், மறுபடி அமுக்கினார். புது பேட் தகட்டோடு பழக இப்படித்தான் செய்ய வேண்டுமாம். என் குடல் எதோடு பழகும் என்று கேட்க நினைத்தேன், வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. தோழி வீட்டுத் தெரு வந்தது, போனது.

“அண்ணே, நிறுத்துங்க! வீடு போயிடுச்சு!”

“இப்ப நிறுத்தக் கூடாதும்மா. சூட்டோட நிறுத்தினா பேட் தகட்டுல ஒட்டிக்கும். ஆறட்டும்.”

நிறுத்துவதற்காகவே வாழ்ந்த மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாக நிறுத்த மாட்டேன் என்றார், அதுவும் நான் உள்ளே இருக்கும்போது! கடப்பாக்கத்தில்தான் ஒருவழியாக நின்றது. பின்னாலேயே மொபெட்டில் மீன் கூடையோடு வந்துகொண்டிருந்த ஒரு அம்மா, இறங்கி வந்து கண்ணாடியில் தட்டினார்.

“யோவ், இன்னாய்யா நீ? அப்பத்துலேர்ந்து பாக்கறேன், நிக்கிற மாறி நிக்கிற, போற மாறி போற. மீன் வோணும்னா வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னா?”

“இல்லம்மா, பிரேக்கு…”

“வெட்கப்படாத. வஞ்சிரம் கீது, சங்கரா கீது. எது?”

சங்கரா வாங்கினார். நான் பஸ் பிடித்து மாமல்லபுரம் திரும்பினேன்.

பந்தயப் பேட்டில் ஒரு கோளாறு இருந்தது. அது சூடானால்தான் நன்றாகப் பிடிக்கும், ஆறிக் கிடந்தால் அரைகுறைதான். மலைக்குத் தோதானது, எங்கள் தெருவுக்குத் தோதில்லை. எங்கள் தெரு ஏரியைப் பார்த்துக் கொஞ்சம் சரிவாகப் போகும். அதனால் தினமும் வேலை விட்டு வரும்போது மெயின் ரோட்டிலேயே நாலைந்து தடவை ஓங்கி அமுக்கிச் சூடேற்றிக்கொண்டுதான் தெருவுக்குள் திரும்புவார். அப்படி வந்தால் வாசலில் ‘கீ…ச்’ என்று ஒரு சத்தத்தோடு நிற்கும். பல் கூசும். அந்த மாலைக் கீச் கேட்டுத்தான் தெருவில் நாங்கள் உலை வைத்தோம்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். கணவர் பேச்சுக்கெல்லாம் ‘உம்’ என்பதோடு சரி. மகள் வந்தால் வேண்டும் என்று அக்காவே முன்னின்று வீட்டுக்குள்ளேயே ஒரு வெஸ்டர்ன் பாத்ரூம் கட்ட ஏற்பாடு செய்தார். டிப்பர் லாரியில் எம்-சாண்ட் மணல் வந்தது. அது வீட்டு வாசலில் கொட்டப்படாமல், தெரு முடிகிற இடத்தில், ஏரிக்கரைக்கு முன்னால் பெரிய மேடாகக் கொட்டப்பட்டது.

“வூட்டாண்ட கொட்டாம இன்னாத்துக்குடி அவ்ளோ தூரம்? கொத்தனாரு சுமந்தே செத்துடுவான்” என்றார் அண்ணாத்த.

“லாரிக்காரன் அங்கதான் கொட்டுனான். நீ போய் உன் பைப்பப் பாரு.”

வளைகாப்பு நாளும் வந்தது. உறவுக்காரர்கள், அக்கா, நான் எல்லோரும் வேனில் போனோம். அவருடைய காரில் ஒருத்தரும் ஏறவில்லை. வரிசைத் தட்டுகளும் வளையல் பெட்டிகளும் தவளையும் மட்டும் ஏறின. மலையில் வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, கலந்த சாதமெல்லாம் சாப்பிட்டு முடிந்ததும் பேச்சு வந்தது. சம்பந்தி, வாடகைக் கார் வாசலில் தயாராக நிற்கிறது என்றார். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், சிரிக்காமல் பேசுவார்.

“தப்பா நினைக்காதீங்க. பொண்ணு ரெட்டை உசுரு. விஷப்பரீட்சை வேண்டாங்க.”

நம்மவர் தலையைக் குனிந்துகொண்டார். நாலு மாதமாகத் தெருவையே பேச்சால் கொன்ற மனிதர், சட்டைப்பையில் இருந்த ஜுரத் துப்பாக்கியைத் தடவிக்கொண்டிருந்தார். மகள்தான் வளையல் குலுங்க எழுந்து வந்தாள்.

“மாமா, நான் எங்கப்பா கார்லதான் போவேன்.”

கடைசியில் ஒரு சமாதானம். சம்பந்தி தன் புதுக் காரில் டிரைவரோடு பின்னாலேயே வருவார். எங்கள் சக்கரத்தில் ஒரு துளி புகை வந்தாலும் மகளை இறக்கி வாடகைக் காருக்கு மாற்றிவிடுவார். அதுவும் வாலாகப் பின்னால் வரும். அக்கா என்னைத் தனியே அழைத்தார். “நீ அவ கூடப் போ. அந்தாளு எதுனா கிறுக்குத்தனம் பண்ணா ரெண்டு போடறதுக்கு ஆளு வோணும். நான் வேன்ல முன்னாடி போய் ஆரத்தி கரைச்சு வெக்கறேன்.” மூன்று பேராகப் புறப்படக் கூடாதே என்று யாரோ ஒரு பாட்டி இழுத்தார். வயிற்றில் இருப்பதோடு நாலு என்று கணக்கை முடித்தோம்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் இறக்கினார் பாருங்கள், அது இறக்கம்! இரண்டாம் கியர், வளைவுக்கு முன்னால் ஒரே அழுத்து, விடு. அடுத்த வளைவு, ஒரே அழுத்து, விடு. பேட் சூடேறி, நினைத்த இடத்தில் நின்றது. மகள் என் தோளில் சாய்ந்து குரங்குகளை எண்ணிக்கொண்டு வந்தாள். அவர் கழுத்தில் மட்டும் வியர்வை ஓடியது. பாதி மலையில் குப்பென்று கருகல் வாடை. எனக்கு உயிரே போய்விட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் ஓரம்கட்டி, துப்பாக்கியோடு இறங்கினார். எங்கள் சக்கரத்தில் ஒரு துளி புகை இல்லை. பின்னால் நின்ற சம்பந்தியின் புதுக் காரில், முன் சக்கரம் இரண்டிலும் அடுப்பில் ஈர விறகு வைத்த மாதிரி புகைந்துகொண்டிருந்தது.

டிரைவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினார். “தண்ணி ஊத்தாதப்பா! தகடு வளைஞ்சுடும்! அப்பிடியே வுடு, பாவம், களைச்சுப்போச்சு” என்று இவர் கத்தினார். சம்பந்தி சாலையோரத் தடுப்புச்சுவரில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு பஜ்ஜிக்கடை இருந்தது. அது அதே கடையா என்று எனக்குத் தெரியாது. சத்தியமாக இவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நக்கல் இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. கதவைத் திறந்துவிட்டு, “முன்னாடி குந்துங்க சம்பந்தி. அது ஆறினதும் டிரைவரு எடுத்துகினு வரட்டும்” என்றார் அவ்வளவுதான். வாடகைக் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, சம்பந்தி முன் சீட்டில் ஏறினார்.

சமவெளி வந்ததும் மகளுக்குக் குமட்டல். “அப்பா, மலையில ஒண்ணும் தெரியல. இந்த ஹைவேல நீ பிரேக் புடிக்கும்போதெல்லாம் வயித்த பெரட்டுதுப்பா.”

“இனிமே புடிக்க மாட்டேண்டா கண்ணு.”

பிடிக்கவில்லை. சேலத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் அந்த மனிதர் பிரேக்கைத் தொட்டதே அபூர்வம். டோல்கேட் ஒரு மைல் தள்ளி வரும்போதே காலை எடுத்து, கியரைக் குறைத்துக் குறைத்து, கரையில் படகு ஒதுங்குகிற மாதிரி ஒதுக்கினார். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். படாளம் தாண்டும்போது மகள் என் மடியில் தலைவைத்து நன்றாகத் தூங்கிப்போனாள். லேசாக மழை தூறியது.

எங்கள் மெயின் ரோடு வந்தது. சூடேற்றுகிற இடம். வழக்கம்போல அவர் கால் பிரேக் மேல் ஏறியதைப் பார்த்தேன். கண்ணாடியில் அவர் கண்ணும் தெரிந்தது. என் மடியில் தூங்குகிறவளைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, கையில் வளையல் நிறைந்திருந்தது. அவர் காலை எடுத்துவிட்டார்.

தெருவுக்குள் திரும்பினோம். வேன் முன்பே வந்துவிட்டது. வாசலில் அக்கா ஆரத்தித் தட்டோடு, சுற்றிலும் தெருவே நின்றது. எல்லோரும் அந்தக் கீச்சுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். கீச் வரவில்லை. அவர் மகள் எழுந்துவிடாதபடி பூப்போல அமுக்கினார். ஆறிப்போய், மழையில் நனைந்த பந்தயப் பேட், அதுவும் பூப்போல நடந்துகொண்டது. ஆரத்தித் தட்டைத் தாண்டினோம். அக்காவின் முகம் என் ஜன்னலில் வந்து போனது. ஓங்கி மிதித்தார். வேகம் பாதியாகக் குறைந்தது, மீதி சரிவில் உருண்டது. கைப்பிரேக்கை இழுத்தார். எதிரே ஏரி, மூச்சுக்காட்டாமல் கிடந்தது.

சம்பந்தி இரண்டு கையாலும் ஜன்னலுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார்.

“கெட்டியா புடிச்சுக்கோங்க சம்பந்தி, கழண்டு வராது. அது நான் செஞ்சது” என்றார் அண்ணாத்த, மெல்லிய குரலில், மகள் தூக்கம் கெடாதபடி.

‘பொஸ்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கார் மூக்கை மணல் மேட்டுக்குள் நுழைத்துக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலில் இறக்கிய மாதிரி நின்றது. ஒரு குலுக்கல் இல்லை. பைப்பின் வாயை மணல் அடைத்துக்கொள்ள, பக்கத்து இடுக்கு வழியே தவளை வெளியே குதித்து, நாலு தடவை கத்திவிட்டு ஏரியைப் பார்த்துப் போய்விட்டது.

அக்கா ஓடவில்லை, பதறவில்லை. ஆரத்தித் தட்டோடு நிதானமாகத் தெரு முனை வரை நடந்து வந்து, மணலில் புதைந்த காருக்கே சுற்ற ஆரம்பித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இவர் மணலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி மணலைப் பார்த்தார்.

“லாரிக்காரன் கொட்டுனான்னியேடி…”

“ஒரு பாத்ரூமுக்கு இத்தினி மணலு எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டியாய்யா நீ?”

அந்தச் சத்தத்தில் மகள் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, ஜன்னலில் அம்மாவையும் ஆரத்தியையும் பார்த்தாள்.

“வூடு வந்துருச்சா? நின்னதே தெரியலப்பா எனக்கு!”

எல்லோரும் சம்பந்தியைப் பார்த்தோம். இன்னும் கைப்பிடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தார். மெதுவாக ஒவ்வொரு விரலாக எடுத்தார். வேட்டி மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார், ஒன்றும் விழுந்திருக்கவில்லை. பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

“உங்கப்பா பிரேக் அப்படிம்மா. பிரசவம் முடிஞ்சு பேரனையும் இவர் கார்லதான் மலைக்கு ஏத்தி அனுப்பணும்.”

பிரேக் அண்ணாத்த ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அக்கா ஆரத்தித் தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டு, கதவைத் திறந்து மகளுக்குக் கை கொடுத்தபடியே சொன்னார்.

“அனுப்பலாங்க சம்பந்தி. உங்க வூட்டாண்ட மட்டும் ஒரு லோடு கொட்டி வெச்சிடுங்க.”